சுவர் சமயம் சொல்லுமா?

ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் போனாலும், தென்பெண்ணையைத் தாண்டித் தீர்த்தமலைப் பக்கம் போனாலும், மேற்கே தர்மபுரிக்குத் திரும்பினாலும், பழைய கல்மண்டபம் ஒன்றின் முன் நின்றால் இரண்டு பேச்சில் ஒன்று காதில் விழும். “இது முன்னே சமணக் கோயிலுங்க, அப்புறந்தான் சாமிய மாத்திட்டாங்க” என்பது ஒன்று. “ஆதியிலேருந்தே சிவன் கோயில்தான், தூணைப் பாத்தாலே தெரியலியா?” என்பது மற்றொன்று. கட்சிகள் எதிரெதிர். இருவரும் கூண்டில் ஏற்றும் சாட்சியோ ஒன்றுதான்: கட்டடத்தின் வடிவம். அந்தச் சாட்சி நம்பத் தக்கதா என்று விசாரிக்காமல் எந்தக் கட்சிக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்தக் கேள்வி எங்கள் பக்கத்தில் எழுவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய தகடூர் நாடு, இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள், தமிழும் கன்னடமும் கலந்த எல்லை நிலம். கங்கர், நுளம்பர், சோழர், போசளர் எல்லோரும் இங்கே வந்து ஆண்டு போயிருக்கிறார்கள். நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், சகம் 815-இல், அதாவது கி.பி. 893-இல், நிதியண்ணன், சண்டியண்ணன் என்ற இருவர் தகடூரில் ஒரு பசதி, அதாவது சமணக் கோயில், எழுப்பினார்கள். மன்னன் மூலப்பள்ளி என்ற ஊரைத் தந்தான், அவனுக்குப் பின் வந்த அய்யப்பதேவனும் அந்தப் பசதிக்கு ஓர் ஊர் கொடுத்தான். தூணில் வெட்டிய கன்னடக் கல்வெட்டு இதையெல்லாம் சொல்கிறது. கல்வெட்டு இருக்கிறது, பசதியைக் காணோம். அந்த வெற்றிடத்தில்தான் இந்தப் பேச்சுகள் முளைக்கின்றன. தர்மபுரிக் கோட்டைக் கோயில்களின் அழகான நுளம்பத் தூண்களைப் பார்ப்பவர், இதுதான் அந்தப் பசதியோ என்று நினைப்பது இயல்பே.

வடிவத்தைப் பார்த்துச் சமயம் சொல்லும் பழக்கத்தை நமக்கு அழுத்தமாகக் கற்றுக்கொடுத்தது 19-ஆம் நூற்றாண்டு. ஜேம்ஸ் பெர்குசன் 1876-இல் வெளியிட்ட இந்தியக் கட்டடக்கலை வரலாறு பௌத்தக் கலை, சமணக் கலை என்று சமயப் பெயர்களைத் தலைப்புகளாக வைத்துக் கட்டடங்களை அடுக்கியது. ஹாவெல் போன்றவர்கள் அந்த அடுக்கை எதிர்த்தார்கள். பிறகு மைக்கேல் மைஸ்டரும் எம்.ஏ. டாக்கியும் தொகுத்த இந்தியக் கோயில் கட்டடக்கலைக் களஞ்சியம் சமயத்தை விட்டுவிட்டு நாடு, அரசமரபு, காலம் என்ற வரிசையைப் பிடித்தது. வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. ஜூலியா ஹெகெவால்ட் 2009-இல் வெளியிட்ட சமணக் கோயில் கட்டடக்கலை பற்றிய பெருநூல், இடத்தை வகுப்பதிலும் வழிபாட்டுக்கு ஏற்ப அமைப்பதிலும் சமணருக்கென்று தனி மொழி உண்டு என்று வாதிடுகிறது. ஆகவே வடிவம் சமயம் சொல்லும் என்ற கட்சியிலும் கனமான வழக்கறிஞர் இருக்கிறார்.

முதலில் ஒரு சமண ஊரையே எடுத்துக்கொள்வோம். போளூருக்கு அருகிலுள்ள திருமலை தகடூருக்கு உறவுள்ள ஊர். ஏறத்தாழ 1200-இல் தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள் அங்கே ஒரு கல்வெட்டு வைத்தான். சேர குலத்து எழினி முன்பு செய்வித்த இயக்கன், இயக்கி உருவங்கள் பழுதுபட்டிருக்க, அவற்றைப் புதுப்பித்து மலையில் வைத்து, எறிமணி ஒன்று கொடுத்து, ஏரிக்குக் கால்வாயும் வெட்டியதாக அது சொல்கிறது. அதியர் குலம் சமணக் குலம் என்று இதை வைத்து முடிவு கட்டினால், 8-ஆம் நூற்றாண்டு நாமக்கல் குடைவரை வந்து மறிக்கும். திருமால் பள்ளிகொண்ட அந்தக் குடைவரையின் பெயரே அதியேந்திர விஷ்ணுகிருகம். கொடுத்தவரின் குலத்தை வைத்துக் கோயிலின் சமயத்தைச் சொல்லும் வழி இங்கேயே அடைபடுகிறது.

திருமலையின் அடிவாரத்தில் சோழ அரசகுலத்துக் குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயம் இருக்கிறது. கோபுரம், திருச்சுற்று, மண்டபம், கருவறை என்ற வரிசையில் நடந்து போகும் ஒருவர் வழியிலேயே இது சமணக் கோயில் என்று சொல்லிவிட முடியாது. அதிட்டானத்தின் ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை, மேலே அரைத்தூண்கள் பிரித்த சுவர், கபோதம், கூடு எல்லாம் தொண்டை மண்டலத்துச் சிவன் கோயில்களில் காணும் அதே உறுப்புகள். சமயம் தெரிவது வேறு இடங்களில். மலையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் பாறையில் செதுக்கி நிற்கும் நேமிநாதர் சொல்கிறார். குகையைச் செங்கல் சுவர்களால் அறைகளாக்கி, அதில் தீட்டிய சமவசரண ஓவியம், தீர்த்தங்கரர் அறமுரைக்கும் அவையின் ஓவியம், சொல்கிறது. முதலாம் இராசேந்திரனின் 1024-25 வாக்கிலான புகழ்பெற்ற கல்வெட்டு, கங்கை வரை வென்ற நாடுகளைப் பட்டியலிட்டுவிட்டு, பெரும்பாணப்பாடி வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை விளக்கெரிக்கக் கொடுத்த கொடையைப் பதிவு செய்கிறது. இத்தனை சாட்சிகளில் சுவரும் அதிட்டானமும் மட்டும் வாய் திறக்கவில்லை.

ஒரு ஊரை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. கொடையாளர் ஒருவராக இருந்து சமயங்கள் பலவாகும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இராசராசனின் அக்காள் குந்தவை, திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்தில், அன்றைய இராசராசபுரத்தில், மூன்று கோயில்கள் எடுத்தார்: சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம், திருமாலுக்குக் குந்தவை விண்ணகர், அருகனுக்குக் குந்தவை ஜினாலயம். மூன்றுக்கும் அவர் கொடுத்த பொன்னும் வெள்ளியும் கல்வெட்டில் பதிவாகியிருக்கின்றன. சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் இன்றும் நிற்கின்றன. இரண்டும் சோழர் கலை, உறுப்புக்கு உறுப்பு உடன்பிறப்புகள். ஜினாலயம் மட்டும் இல்லை. அது நின்றிருந்தால் இந்த வழக்குக்கே வேலை இருந்திருக்காது. ஒரே அரசி, ஒரே ஊர், ஒரே காலம், மூன்று சமயம் என்று தமிழகக் கலை வரலாறு தானாக ஏற்பாடு செய்துவைத்த அந்த ஒப்பீட்டில் மூன்றாவது உறுப்பு தொலைந்துபோனதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

இதைத் திருப்பிப் போட்டும் சோதிக்கலாம். சமயம் ஒன்று, கொடையாளர் ஒருவர், இடம் மட்டும் வேறு. விசயநகரத் தளபதி இருகப்பர் சமணர். அவர் 1385-இல் ஹம்பியில் குந்து ஜினநாதருக்குக் கோயில் எடுத்தார். இன்று அதைக் கானகித்தி கோயில் என்கிறார்கள். படிப்படியாகக் கூம்பும் கல்கூரை கொண்ட தக்காணக் கட்டடம் அது. அதே இருகப்பர் 1387-88-இல் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், திரைலோக்கியநாதர் கோயிலுக்குச் சங்கீத மண்டபம் கட்டினார். தூண்கள் வரிசையாகத் தாங்கும் அந்த மண்டபம் முழுக்கத் தமிழ்நாட்டு வேலை. இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில், ஒரே மனிதர், ஒரே பக்தியோடு எடுத்த இரண்டு கட்டடங்கள் ஒன்றுக்கொன்று சாயலே இல்லாமல் இருக்கின்றன. கட்டடத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது அருகன் மீதிருந்த பற்று என்றால் இது எப்படி நடக்கும்? அந்தந்த ஊர்க் கல்லும், அங்கே வேலை தெரிந்த தச்சர்களும் தீர்மானித்தார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குப் புலப்படவில்லை.

அதே ஹம்பியில் வடிவத்தை நம்பி ஏமாந்த கதையும் இருக்கிறது. விரூபாட்சர் கோயிலுக்கு மேலே ஏமகூடக் குன்றில், மூன்று கருவறைகளும் படிக்கூம்புக் கூரைகளும் கொண்ட சிறு கோயில்கள் பல உள்ளன. நெடுங்காலம் அவற்றைச் சமணக் கோயில்கள் என்றே எழுதிவந்தார்கள். கூரை ஒன்றே அதற்கு ஆதாரம். அவை சைவக் கோயில்கள். அவற்றில் ஒன்றில் கம்பிலியின் தலைவன் இலிங்கங்களை நிறுவியதைக் கல்வெட்டே சொல்கிறது. படிக்கூம்பு என்பது தக்காணத்தின் பொதுச் சொத்து. சைவரும் எடுத்துக்கொண்டார்கள், இருகப்பரும் எடுத்துக்கொண்டார். படித்த ஆய்வாளர்களே இப்படி வழுக்கியிருக்க, “தூணைப் பாத்தாலே தெரியலியா” என்று கேட்பவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

எங்கள் பகுதிக்கு நேரடியாகப் பேசும் சான்று கர்நாடகத்தில் இருக்கிறது. துமகூர் மாவட்டம் அரளகுப்பேயில் 9-ஆம் நூற்றாண்டு நுளம்பர் கோயில் கல்லேசுவரம். அதன் மண்டப விதானம் தென்னிந்தியச் சிற்பத்தின் உச்சங்களில் ஒன்று என்பேன். நடுக்கட்டத்தில் சிவன் ஆடுகிறார், பக்கத்தில் இசைப்பவர்கள், சுற்றிலும் எட்டுத் திசைக்காவலர்கள் தத்தம் ஊர்திகளில். இனி நாகமங்கலா வட்டத்தில் உள்ள கம்பதஹள்ளி என்ற சிற்றூருக்குப் போவோம். அங்கே கங்கர் கலையில் எழுந்த பஞ்சகூட பசதி. விதானத்தில் அதே ஒன்பது கட்டம், அதே எட்டுத் திசைக்காவலர்கள். நடுக்கட்டத்தில் சிவன் ஆடுமிடத்தில் முக்குடையின் கீழ் அருகன் அமர்ந்திருக்கிறார். விதானத்தின் கணக்கு, கல்லைப் பொருத்தும் முறை, காவலர்களின் வரிசை எதுவும் மாறவில்லை. ஒரு கட்டத்தில் இருக்கும் உருவம் மட்டும் மாறியிருக்கிறது. கம்பதஹள்ளி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் விமானங்களில் ஒன்றின் சிகரம் சதுரம், ஒன்று எண்கோணம், ஒன்று வட்டம். சிற்ப நூல்கள் இவற்றுக்குச் சொல்லும் பெயர்கள் பிரமச்சந்தம், விஷ்ணுச்சந்தம், உருத்திரச்சந்தம். மும்மூர்த்திகளின் பெயரில் வழங்கும் மூன்று வடிவங்களைத் தச்சர் தீர்த்தங்கரர்களின் தலைக்கு மேல் வைத்தார், சமணரும் தடையில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் எடுத்துவைக்க வேண்டும். ஹளேபீடு. 1121 வாக்கில் தொடங்கிய போசளேசுவரம் என்ற சிவன் கோயிலின் வெளிச்சுவரில் கையளவு இடம் வெறுமையாக இல்லை. யானை வரிசை, குதிரை வரிசை, இதிகாசக் காட்சி, அதற்கு மேல் ஆளுயரத் தெய்வங்கள். சிறிது தூரத்தில், தளபதி கங்கராஜன் நினைவாக அவன் மகன் போப்பன் 1133-இல் எடுத்த பார்சுவநாதர் பசதி. வெளிச்சுவரில் அரைத்தூண்களும் பட்டைகளும் தவிர எதுவுமில்லை. உள்ளே போனால் கடைந்தெடுத்த கரிய தூண்கள், முகம் தெரியும் மெருகு. ஒரே ஊர், ஒரே அரசு, பன்னிரண்டு ஆண்டு வேறுபாடு. துறவைப் போற்றும் சமயம் வெளியே அடக்கத்தையும் உள்ளே அமைதியையும் தேர்ந்துகொண்டது என்று யாராவது சொன்னால் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அந்தப் பசதிக்குள் போய் நின்றவர்களுக்கு அந்த வாதத்தின் ஈர்ப்புத் தெரியும்.

இருந்தும் அது விதியாகத் தேறவில்லை. சிரவணபெளகொளாவை ஒட்டிய ஜினநாதபுரத்தில் 1200 வாக்கில் எழுந்த சாந்திநாதர் பசதியின் வெளிச்சுவர் முழுக்கச் சிற்பம். போசளச் சிவன் கோயிலுக்குக் கொஞ்சமும் குறையாமல் இயக்கர், இயக்கியர், ஆடுமகளிர் அணிவகுக்கிறார்கள். மறுபுறம், தமிழ்நாட்டில் வெறும் அரைத்தூண்களும் காலிக் கோட்டங்களுமாக நிற்கும் சிவன் கோயில்கள் எத்தனையோ. வெறுமையான சுவர் சமணத்தின் விருப்பமாக இருக்கலாம், அடையாளமாக ஆகாது. விருப்பத்தை வைத்து இப்படியும் இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஒரு கோயிலின் மேல் உரிமை பேச அது போதாது.

ஹெகெவால்ட் வாதத்துக்கு வருகிறேன். இடத்தை வகுப்பதில் சமணருக்குத் தனி மொழி உண்டு என்பதில் உண்மை இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் வைக்க வேண்டிய தேவை, சமவசரணத்தைக் காட்ட வேண்டிய தேவை, குகையையும் மலையையும் முனிவர் நோன்பிருந்த இடம் என்று கட்டடத்தோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கம், முன்னால் நிற்கும் மானஸ்தம்பம் ஆகியவை சேர்ந்து வரும்போது ஒரு சமண வளாகம் தன்னை வெளிப்படையாகவே காட்டிக்கொள்கிறது. திருமலை அப்படிப்பட்டது, சிரவணபெளகொளா அப்படிப்பட்டது. ஆனால் இந்த மொழியைப் படிக்க வளாகம் முழுதாக இருக்க வேண்டும். தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் மறுபக்கம் ஒரு பங்காளி நிற்கிறான். மூன்று கருவறை ஏமகூடத்துச் சைவருக்கும் உண்டு. குன்றும் குகையும் தீர்த்தமலைக்கும் உண்டு. எங்கள் பகுதியில் மிஞ்சியிருப்பவையோ பெரும்பாலும் துண்டுகள்: ஒரு மண்டபம், நான்கு தூண், இடம் மாறிய நிலைவாசல். முழு வளாகத்துக்குப் பொருந்தும் வாதத்தைத் துண்டுக்குப் பொருத்தினால் அது பெர்குசனிடமே திரும்பிப் போய்விடும்.

தூண் இடம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. திருவையாற்றுக் கோயிலில் நிற்கும் நுளம்பத் தூண்கள் சோழர் படையெடுப்பில் வடக்கிலிருந்து போனவை. அவை எந்தச் சாமிக்கு முன்னால் முதலில் நின்றன என்று திருவையாற்றுச் சுவரைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

அப்படியென்றால் கோயில் மாறியதே இல்லையா என்று கேட்கலாம். மாறியது உண்டு, அதற்கு ஆதாரமும் உண்டு. மயிலை சீனி. வேங்கடசாமி 1954-இல் எழுதிய ‘சமணமும் தமிழும்’ நூலைப் படித்தவர்கள் தமிழ்நாட்டில் சமணம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை அறிவார்கள். கன்னியாகுமரி மாவட்டச் சிதறாலில் பாறை நிறையத் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். அதே இடம் 13-ஆம் நூற்றாண்டில் பகவதி கோயிலாக வழங்குகிறது. நாகர்கோவில் நாகராசர் கோயிலில் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள், 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சமணப் பண்டிதர்களின் பெயரையே சொல்கின்றன. இந்த இரண்டு இடங்களிலும் வழக்கை வென்று தந்தவை உருவமும் எழுத்தும். அதிட்டானத்தை அளந்து யாரும் இந்த முடிவுகளுக்கு வரவில்லை.

ஊத்தங்கரைக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. நம் வயல்வெளியில் நிற்கும் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். ஆநிரை மீட்டுச் செத்த ஒரு வீரனுக்குப் பல்லவர் காலத்தில் நட்ட கல் அது. வில்லும் வாளும் அப்படியே இருக்கின்றன, கல்லில் ஒரு உளியும் படவில்லை. கும்பிடும் முறை மாறிவிட்டது. முன்பு அது என்னவாக இருந்தது என்பதைச் சொல்வது தலைமாட்டில் உள்ள வட்டெழுத்து.

என் தீர்ப்பு இது. இடைக்காலத் தென்னிந்தியாவில் சமணக் கட்டடக்கலை, இந்துக் கட்டடக்கலை என்று இரண்டு கலைகள் இல்லை. நுளம்பர் கலை, கங்கர் கலை, சோழர் கலை, போசளர் கலை என்று இருக்கின்றன, அவற்றில் சிவனும் திருமாலும் அருகனும் குடியிருந்தார்கள். பாடநூலிலும், சுற்றுலாப் பலகையிலும் சமயத்தை முன்னொட்டாக வைப்பதைக் கைவிட வேண்டும். சமணத்துக்குரிய தனித்தன்மை வளாகத்தின் அமைப்பில் உண்டு என்பதை ஏற்கிறேன், அது முழு வளாகத்துக்கு மட்டும் செல்லும். ஒரு கோயில் முதலில் யாருடையது என்ற கேள்விக்கு ஏற்கத் தக்க சாட்சிகள்: கல்வெட்டு, கருவறை உருவம், நிலைவாசலின் மேல்நடுவில் உள்ள உருவம், தேவகோட்டத்தில் தனக்குரிய இடத்திலேயே இருக்கும் உருவம், பக்கத்துப் பாறையில் செதுக்கியது. நிலைவாசலில் கஜலட்சுமி இருந்தால் அதுவும் போதாது, அவள் எல்லார் வீட்டு வாசலிலும் இருப்பவள்.

இதைத் தர்மபுரிக் கோட்டைக்குப் பொருத்திப் பார்க்கலாம். காமாட்சியம்மன் சன்னதியின் அதிட்டானத்தில் இராமாயணக் காட்சிகள் சிறு சிற்பங்களாகச் சுற்றி வருகின்றன. இராமாயணம் இருப்பதால் சமணக் கல்லே அல்ல என்று ஒருவர் சொன்னால் அந்த வாதமும் நில்லாது, சமணருக்கும் இராமகாதை உண்டு. விமலசூரியின் ‘பௌமசரிய’த்தில் இராவணனைக் கொல்பவன் இலக்குவன். எனவே போர்க்காட்சியில் இராவணனைக் கொல்பவன் யார் என்று பார்ப்பது, தூணின் பட்டையை எண்ணுவதைவிடப் பயனுள்ள சோதனை. 893-இன் பசதி இந்தக் கோட்டைக் கோயில்தான் என்பவர், நுளம்பத் தூணைக் காட்டினால் போதாது. அந்தத் தூண் நுளம்பர் காலத்தை நிரூபிக்கும், அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்காது. அவர் வழக்கு இன்றைய நிலையில் தள்ளுபடி. அதே காரணத்தால், இங்கே சமணம் இருந்ததே இல்லை என்பவரின் வழக்கும் தள்ளுபடி. கல்வெட்டு அவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

சுவர் சாட்சி சொல்லாது என்றால், சொல்லக்கூடிய சாட்சிகளைத்தான் உயிர்போலக் காக்க வேண்டும். திருப்பணி என்ற பெயரில் முதலில் அழிவது அவைதான். கருங்கல்லுக்குப் பெயர்போன மாவட்டம் நம்முடையது. பளபளக்கும் கிரானைட் பலகை மலிவாகக் கிடைக்கிறது, பழைய தளத்தின் மேல் அதைப் பதித்துவிடுகிறார்கள், அதிட்டானத்துக் குமுதத்தில் ஓடும் எழுத்து அதற்கடியில் போய்விடுகிறது. சுவருக்கு எனாமல் பெயின்ட், எழுத்துப் பள்ளத்தில் சிமென்ட். தலையில்லாத உருவம் ஒன்று கிடந்தால் மரத்தடிக்குத் தள்ளி, பிறகு அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாமல் போகிறது. வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு எழுத்துக் கல்லையும் மைப்படி எடுத்து, நிலைவாசலையும் கோட்டங்களையும் படமெடுத்து, உதிரிச் சிற்பம் கிடந்த இடத்தைக் குறித்து வைத்த பிறகுதான் சாரம் கட்ட வேண்டும். தகடூரின் பசதி என்றாவது அடையாளம் காணப்படுமானால், அப்படிக் குறித்து வைத்த ஒரு வரியோ உடைந்த முக்குடையோதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.